மேய்ச்சல் நிலத்திலும் மரம் நிற்கும்: கொறங்காட்டில் காண வேண்டியவை

ஆடு மாடு கால் வைத்த இடத்தில் மரக்கன்று தேறாது என்பது கிராமங்களில் பொதுவாகச் சொல்லப்படும் பேச்சு. தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களின் பொத்தைகளையும் குளத்துப் புறம்போக்குகளையும் கோடையில் பார்ப்பவர்களுக்கு அது உண்மை என்றே தோன்றும். பல இடங்களில் கல்லும் காய்ந்த மண்ணும் சீமைக்கருவேலும்தான் மிச்சம். ஆனால் இதே தமிழ்நாட்டில், மழை குறைந்த ஒரு பகுதியில், தலைமுறை தலைமுறையாக மாடும் செம்மறியும் மேய்ந்துவரும் நிலத்தில் மரங்கள் முதிர்ந்து நிற்கின்றன. அவற்றின் அடியில் புல்லும் அழியவில்லை. அந்த நிலத்துக்குக் கொறங்காடு என்று பெயர்.

காங்கேயம் காளையைப் பற்றிக் கேள்விப்படாத விவசாயி இருக்க முடியாது. அக்காளை வளர்ந்த நிலத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. 2009-இல் அமைக்கப்பட்ட திருப்பூர் மாவட்டத்தின் காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பகுதிகளிலும், அவற்றை அடுத்த ஈரோடு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் சில பகுதிகளிலும் கொறங்காடுகள் பரவியுள்ளன. மழையை மட்டும் நம்பிய, சுண்ணாம்புச் சத்துள்ள வறட்டு நிலம். அதில் பயிர் வைத்து ஏமாறுவதைவிடப் புல்லை வளர்த்து மாட்டை வளர்ப்பது மேல் என்று அங்குள்ள முன்னோர் கண்டுகொண்டனர்.

நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு இது எதற்கு என்று கேட்கலாம். கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோக நெல் விளைந்த காலத்தில் இங்கே மேய்ச்சலுக்கெனத் தனி நிலம் அதிகம் தேவைப்படவில்லை. வீட்டில் வைக்கோல் போர் இருந்தது. கும்பப்பூ அறுவடை முடிந்தபின் ஏலா முழுவதும் ஊர் மாடுகளுக்குத் திறந்து கிடந்தது. குளம் வற்றினால் குளத்துக்குள்ளும், வயலில் பயிர் நிற்கும் மாதங்களில் குளத்தங்கரையிலும் பொத்தையிலும் மாடுகள் மேய்ந்தன. இப்போது வயல்களில் பெரும்பகுதி தென்னையாகவும் வாழையாகவும் வீட்டுமனையாகவும் மாறிவிட்டது. வைக்கோல் விலை கொடுத்து வாங்கும் பொருளாயிற்று. நான்கு ஆடு, ஒரு பசு வைத்திருக்கும் குடும்பத்துக்குத் தீவனச் செலவே பால் காசையும் ஆட்டுக் காசையும் விழுங்குகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய காற்றடிக்கும் வறண்ட பகுதிகளில் சும்மா கிடக்கும் விளைகள் கொறங்காட்டு நிலத்துக்கு ஏறக்குறைய ஒப்பானவை. ஆகவே நேரில் போய்ப் பார்த்து வருவது பயனுள்ளதாகும்.

எப்போது போவது

நாகர்கோவிலிலிருந்து மதுரை, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாகக் காங்கேயம் போகலாம். ஒரே தடவைதான் போக முடியும் என்றால் சித்திரையில் போவது நலம். அப்போதுதான் கண்ணபுரம் மாரியம்மன் திருவிழாவை ஒட்டி மாட்டுத்தாவணி கூடும்; காங்கேயம் மாடுகளை மொத்தமாக ஓரிடத்தில் காணலாம். பிறந்த கன்று செவலையாக இருப்பதும், சுமார் ஆறு மாதத்தில் நிறம் மாறத் தொடங்குவதும், வளர்ந்த காளையின் திமிலும் கழுத்தும் கருத்து நிற்பதும் அங்கே கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை. இன்னொரு காரணமும் உண்டு. வறண்ட நிலத்தின் பலம் ஐப்பசி, கார்த்திகையில் தெரியாது. அப்போது எந்த நிலமும் பச்சையாகத்தான் இருக்கும். சித்திரை வெயிலில் எது மிஞ்சி நிற்கிறது என்பதே கேள்வி.

வேலி

கொறங்காட்டில் முதலில் கண்ணில் படுவது மரமும் அல்ல, புல்லும் அல்ல, வேலிதான். பெரும்பாலும் சில ஏக்கர் கொண்ட ஒவ்வொரு காடும் முள்கிளுவையால் நாற்புறமும் அடைக்கப்பட்டிருக்கும். கிளுவைக் கம்புகளை வெட்டி மழைக்கு முன் நெருக்கமாக ஊன்றினால் அவை வேர்விட்டு உயிர்வேலியாகிவிடும். கம்பிவேலிக்கு ஆகும் செலவில்லை, துருப்பிடிப்பதில்லை, இடையில் சந்து விழுந்தால் அதே வேலியிலிருந்து ஒரு கம்பை முறித்து ஊன்றினால் போதும். அதில் கோவையும் பிரண்டையும் படரும், குருவி கூடு கட்டும். ஆள் காவல் இல்லாமல் மாட்டை உள்ளே விட்டு, படலைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். கூலி ஆள் கிடைக்காத இக்காலத்தில் இது சிறிய ஆதாயம் அல்ல.

வேலியின் முக்கியப் பயன் வேறு. மாட்டை உள்ளே நிறுத்திவைக்க வேலி வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். கொறங்காட்டு விவசாயியோ மாட்டை வெளியே நிறுத்திவைக்கவும் அதே வேலியைப் பயன்படுத்துகிறார். இதைப் புரிந்துகொள்ளாமல் திரும்பினால் பயணச் செலவு வீண்.

புல்

கொறங்காட்டின் தலையாய புல் கொழுக்கட்டைப்புல். பல்லாண்டுப் பயிர். வேர் ஆழமாக இறங்கும். கோடையில் தூர் மட்டும் காய்ந்த குச்சிபோல் நிற்கும். இறந்துவிட்டது என்றே தோன்றும். ஒரு நல்ல மழை விழுந்தால் சில நாள்களில் அத்தூர் பச்சை விடும். மாடும் செம்மறியும் விரும்பித் தின்னும்.

அந்த முதல் பச்சை எங்கிருந்து வருகிறது என்பதை விவசாயிகள் அறிதல் வேண்டும். இலை இல்லாத நிலையில் புல் தன் உணவைத் தானே தயாரிக்க முடியாது. தூரிலும் வேரிலும் சென்ற பருவத்தில் சேர்த்துவைத்த உணவைச் செலவழித்தே முதல் இலையை விடுகிறது. அந்த இலை விரிந்து, வெயிலை வாங்கி, செலவழித்ததைத் திரும்பச் சம்பாதிக்குமுன் மாடு அதைக் கடித்துவிட்டால், புல் மீண்டும் வேரிலிருந்தே எடுத்துச் செலவழிக்க வேண்டும். இரண்டு மூன்று தடவை இப்படி நடந்தால் வேர் சுருங்கும். அடுத்த கோடையில் தூர் உண்மையாகவே செத்துவிடும். அந்த இடத்தை மாடு தொடாத களைகள் பிடிக்கும். பொத்தைகளில் நடந்தது பெரும்பாலும் இதுதான். மேய்ந்ததால் புல் அழியவில்லை. மழை விழுந்த மறுவாரமே மேய்ந்ததால் அழிந்தது.

ஆகவே மழைக்குப்பின் புல் நன்றாக எழும்பும்வரை படலைச் சாத்திவைப்பது கொறங்காட்டு முறையின் உயிர்நாடியாகும். அதன்பின்னும் ஒரு காட்டை மேய்த்து முடித்ததும் அடுத்த காட்டுக்கு மாட்டை மாற்றிவிட்டு, முதல் காட்டுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். ஒரு பகுதிப் புல் பூத்து விதை உதிர்க்கவும் விடுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேலாக உழுது, இறுகிய மண்ணை இளக்கி, சோளமோ கொள்ளோ விதைத்து எடுப்பதும் உண்டு. மண்ணில் கிடக்கும் புல்விதை அந்த உழவில் மீண்டும் முளைத்து நிலத்தை மூடிக்கொள்ளும்.

மாடு நாக்கால் வளைத்து இழுத்துக் கடிக்கும்; அடித்தூர் தப்பும். செம்மறி உதட்டால் தரையோடு கொறிக்கும். எனவே செம்மறி மேய்ந்த காட்டுக்கு ஓய்வு கூடுதலாக வேண்டும்.

மரம்

கொறங்காட்டு மரம் வெள்வேல். வெளுத்த பட்டையும் மெல்லிய இலைகளும் கொண்டது. நிழல் அடர்த்தியாக விழாது. மரத்தடியிலும் புல் வளரும். வெயில் நேரத்தில் மாடுகள் ஒதுங்கி அசைபோட இடம் கிடைக்கும். ஆயினும் இம்மரத்தின் பெரிய உதவி கோடையில்தான். புல் முற்றிலும் காய்ந்த மாதங்களில் வெள்வேலங்காய் முற்றி உதிர்கிறது. புரதச்சத்துள்ள அக்காயைச் செம்மறிகள் தேடித் தின்கின்றன. புல் இல்லாத காலத்துக்குத் தீவனத்தை மரத்தின் மேல் சேமித்து வைத்தது போன்ற ஏற்பாடு இது. பொறுக்கி விற்போரும் உண்டு.

காயைத் தின்ற ஆட்டின் வயிற்றில் விதையின் கெட்டித்தோல் சற்று இளகுகிறது. புழுக்கையுடன் விழும் விதை மழையில் எளிதாக முளைக்கிறது. ஆக, ஆடு மரத்தை அழிக்கவும் செய்யலாம், விதைக்கவும் செய்யலாம். முளைத்த கன்றுக்கு ஒரு பருவம் ஓய்வு கிடைக்கிறதா என்பதைப் பொறுத்தே எது நடக்கும் என்பது முடிவாகிறது. சீமைக்கருவேல் நம் குளங்களையும் பொத்தைகளையும் பிடித்ததும் இதே வழியில்தான் என்பதை மறக்கலாகாது. அதன் இனிப்புக் காயை ஆடு மாடுகள் தின்று ஊரெல்லாம் விதைத்தன. அதன் இலையை அவை தொடாததால் கன்றுகள் ஓய்வு இல்லாமலே தப்பிப் பிழைத்தன.

இன்றைய நிலை

கொறங்காடும் இன்று கவலையில்லாமல் இல்லை. கவலை ஏற்றம் மோட்டார் பம்புக்கும், ஏர் டிராக்டருக்கும் வழிவிட்டபின் காங்கேயம் காளைக்கு வேலை குறைந்தது. கறவைக் கலப்பினங்கள் பெருகின. சாலையோரக் காடுகள் மனையாக விலைபோகின்றன. வேலி பராமரிக்க ஆளில்லாத இடங்களில் கிளுவைக்குப் பதில் கம்பி வந்துள்ளது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் காங்கேயம் இனத்தைப் பல தலைமுறை காத்தது வரலாறு. இனத்தை மட்டும் காத்து, அது மேயும் காட்டை விற்றுவிட்டால் தொழுவத்தில் கட்டித் தீனி போடும் இன்னொரு மாடாக அதுவும் ஆகிவிடும்.

ஊர்ப்பொதுவுக்கு என்ன வழி

கொறங்காடு தனியார் பட்டா நிலம். அதனால்தான் நிலைத்தது, ஊர்ப்பொது நிலம் அப்படி நிலைக்காது என்று சிலர் சொல்வர். பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் ஒரு மாட்டைக் கூட்டிக்கொண்டே போவார்கள், கடைசியில் நிலம் பாழாகும் என்று கேரட் ஹார்டின் என்ற அமெரிக்க அறிஞர் 1968-இல் எழுதிய கட்டுரை உலகெங்கும் பேசப்பட்டது. பல நாடுகளின் பொது நிலங்களையும் நீர்நிலைகளையும் ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார் வேறு முடிவுக்கு வந்தார். பயன்படுத்துவோரே கூடி விதி வகுத்து, மீறுவோரைத் தட்டிக்கேட்கும் இடங்களில் பொது நிலம் நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்திருக்கிறது என்று காட்டினார். 2009-இல் அவருக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இங்கிலாந்தின் தெற்கே நியூ பாரஸ்ட் என்னும் மேய்ச்சற் காடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1079-ஆம் ஆண்டளவில் வில்லியம் மன்னன் அதை வேட்டைக்காடாக ஒதுக்கினான். சுற்றுப்புறத்தில் குறிப்பிட்ட வீடும் நிலமும் உடையோருக்கு மேய்ச்சல் உரிமை உண்டு. இன்றுவரை அந்த உரிமை நடப்பில் இருக்கிறது. ஓக் மரங்களுக்கிடையே குதிரைக் குட்டைகளும் மாடுகளும் மேய்கின்றன. இலையுதிர் காலத்தில் ஓக் கொட்டைகள் உதிரும். அவற்றை அதிகம் தின்றால் குதிரைக்கும் மாட்டுக்கும் நஞ்சாகும். ஆகவே அப்பருவத்தில் பன்றிகளை அவிழ்த்துவிட்டுக் கொட்டைகளைத் தின்னச் செய்கிறார்கள். ஒவ்வொரு விலங்குக்கும் ஆண்டுக் கட்டணம் உண்டு. கட்டணம் கட்டிய குதிரையின் வால் மயிரை அடையாளமாகக் கத்தரிக்கிறார்கள். கண்காணிக்கச் சம்பள ஆட்களும், வழக்குத் தீர்க்கத் தனி மன்றமும் உள்ளன. காடு முழுவதையும் பட்டா வேலி காக்கவில்லை. யாருடைய மாடு, எத்தனை, எந்த மாதம் என்ற கணக்குத்தான் அங்கே வேலி.

நம் ஊர்களில் மேய்க்கால் புறம்போக்கு என்றும் மந்தைவெளி என்றும் பதிவான நிலங்கள் உள்ளன. நில உரிமை பற்றிய விவரம் கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள ‘அ’ பதிவேட்டில் புல எண் வாரியாக இருக்கும். 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி மேய்ச்சல் புறம்போக்குகள் கிராம ஊராட்சியின் பொறுப்பில் வருகின்றன. ஊர்ப்பொது நிலங்களின் ஆக்கிரமிப்புகளை அகற்ற மாநில அரசுகள் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரி 28-இல் தீர்ப்பளித்தது. கிராம சபையில் பேச இவ்வளவு பிடிமானம் போதும்.

மலையடிவார விவசாயிகள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்கு முதலில் முற்றிலும் தடை விதித்து, அம்மாதத்திலேயே அதைத் திருத்தி, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டுமாக்கியது. குமரி மாவட்ட வனத்தின் பெரும்பகுதி சரணாலயம். எனவே மேய்ச்சலுக்கு மலையை நம்ப இயலாது. அடிவாரத்தில் உள்ளதைச் செம்மைப்படுத்துவதே வழி.

பொது நிலத்தைச் சீர்திருத்த முற்படும்போது பல ஊர்களில் நேரும் தவறு, முழு நிலத்தையும் ஒரேயடியாக அடைத்து மரம் நடுவது. ஏக்கர் கணக்கில் நிலமுள்ளவருக்கு அதனால் நட்டமில்லை. நிலமே இல்லாமல் நான்கு ஆட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அன்றே மேய்ச்சல் போய்விடும். பிறகு இரவில் வேலி பிரிக்கப்படுவதில் வியப்பென்ன? நிலத்தை நான்காகப் பிரித்து, ஒரு பங்கை மட்டும் முதலாண்டு அடைக்கலாம். மற்ற மூன்றும் திறந்திருக்கட்டும். அடைத்த பங்கில் புல் தேறியதும் அதைத் திறந்து அடுத்த பங்கை அடைக்கலாம். எது எப்போது திறக்கும் என்பதை முடிவு செய்யும் கூட்டத்தில் ஆடு வளர்க்கும் பெண்கள் முதலில் உட்கார வேண்டும். ஆட்டுக்கு இவ்வளவு என்று சிறு தொகை வசூலித்தால் ஒரு காவலாளுக்குக் கூலி கிடைக்கும்.

சொந்த விளையில்

தோவாளைப் பக்கம் இரண்டு ஏக்கர் மானாவாரி விளை உள்ளவர் அதை 50 சென்ட் வீதம் நான்காகத் தடுக்கலாம். ஒரு தடுப்பில் ஒரு வாரம் மேய்த்தால் அதற்கு மூன்று வாரம் ஓய்வு கிடைக்கும். இந்த நாள் கணக்கு மழைக்காலத்துக்கே பொருந்தும். வறட்சியில் புல்லைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். புல் நான்கைந்து விரற்கடை உயரத்துக்கு வந்ததும் ஆட்டை மாற்றிவிட வேண்டும். தரையொட்டிய ஈரப்புல்லில்தான் குடற்புழுவின் இளம்பருவம் மிகுதி; ஆதலால் இம்முறையால் புழுத்தொல்லையும் குறையும். பனி உலர்ந்தபின் அவிழ்த்துவிடுவது நலம்.

இங்கே வெள்ளாடுதான் அதிகம். வெள்ளாடு தழையைத் தேடும். பின்னங்காலில் எழும்பி நின்று ஆளுயரம் எட்டும். மரக்கன்று அந்த உயரத்தைத் தாண்டும்வரை வெள்ளாட்டை அத்தடுப்பில் விடாமல், தழையை வெட்டிக் கொட்டிலில் கட்டிப் போடுவதே சரி. மரத்துக்கு வெள்வேலைத் தேடி அலைய வேண்டியதில்லை. தென்கோடிக்கே உரிய உடைமரம் குடைபோல் விரிந்து நம் மண்ணில் தானாக வளர்கிறது. அதன் காயும் இலையும் ஆட்டுக்கு உகந்தவை. விதையைக் கொதித்து இறக்கிய நீரில் போட்டு இரவு முழுவதும் ஊறவிட்டு ஊன்றலாம். அல்லது ஆட்டுப்பட்டியில் சேரும் புழுக்கையைத் தடுப்பின் ஓரத்தில் பரப்பி, முளைத்தவற்றில் வேண்டியதை விட்டு மற்றதைக் களையலாம்.

கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் ஈரமான தோப்புகளுக்குக் கொழுக்கட்டைப்புல் ஏற்றதல்ல. அங்கே முதிர்ந்த தென்னைக்கு அடியில் நிழல் தாங்கும் கினியாப்புல்லும், வரப்பில் கிளைரிசிடியாவும் வைக்கலாம். சூபாபுல் வைத்திருப்போர் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதைக் கொடுக்கலாகாது. அதிலுள்ள மைமோசின் என்னும் நச்சுப்பொருளால் மயிர் உதிரும்.

கொழுக்கட்டைப்புல் விதைக்க எக்டேருக்கு 6 முதல் 8 கிலோ, அதாவது ஏக்கருக்கு சுமார் 3 கிலோ விதை தேவைப்படும். புதிதாகப் பறித்த விதை சரிவர முளைக்காது; சில மாதங்கள் வைத்திருந்த விதையே வேண்டும். புரட்டாசியில் நிலத்தை உழுது தயாராக வைத்து, வடகிழக்குப் பருவமழையின் நல்ல ஈரத்தில் விதைத்து, முள்செடி ஒன்றை இழுத்து மேலாக மண் மூடச் செய்தால் போதும். ஆழத்தில் விழுந்தால் முளைக்காது. இடையிடையே முயல் மசாலோ சங்குப்பூவோ விதைத்தால் புரதச்சத்துக்கு ஆகும். முயல் மசால் விதையைக் கைபொறுக்காத சூட்டு நீரில் மூன்று நான்கு நிமிடம் நனைத்தெடுத்து, பின் குளிர்ந்த நீரில் ஓரிரவு ஊறவைத்து விதைக்க வேண்டும். முதலாண்டு மேய்க்காமல், புல் பூத்து விதை உதிர்த்தபின் அறுத்துப் போடவும். விதை பற்றியும் நிலத்தின் தன்மை பற்றியும் திருப்பதிசாரம் வேளாண்மை அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.